ஜெபச் சீட்டில் எழுதிய மதிப்பெண்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் என் மகள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. ஒரு சனிக்கிழமை பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு தாளோடு வந்தாள்.

"இன்னா இது?"

"மனசு எப்படி இருக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒம்போது கேள்வி கேட்டுச்சும்மா. இருபத்தேழுக்குப் பதினெட்டு வந்திருக்கு."

"நல்ல மார்க்குதானே? உங்கப்பா ஜென்மத்துல இவ்ளோ வாங்கினதில்ல."

லேசாகச் சிரித்தாள். "இதுல கம்மியா வந்தாதாம்மா நல்லது. டாக்டரைப் பார்க்கச் சொல்லுது. வேலூருக்கு நீயும் வர்றியா?"

மனநோய் டாக்டர் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கூச்சம். "திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் கோயில். எங்கள் சபையில் வாசல் பெட்டியில் ஜெபச் சீட்டு போட்டால், பிரசங்கம் முடிந்து ஆயர் வாசித்து ஜெபிப்பார். பலர் பெயர் போடமாட்டார்கள். பெயர் இல்லாவிட்டால் ஜெபம் வேறு யாருக்காவது போய்விடுமோ என்று நான் அவள் பெயரை எழுதினேன். மனவியாதி என்று எழுதினேன். மார்க்கையும் எழுதினேன். ஆயர் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

வெளியே வந்ததும் பாடகர் குழு அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் பண்ணி வைங்கக்கா, எல்லாம் சரியாப்போய்டும். கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்?"

மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "உன்கிட்ட மட்டுந்தானேம்மா காட்டினேன்?"

திங்கட்கிழமை நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா விளையாட்டுக்குப் போட்டது" என்று வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் அப்படியே இருந்தாள். பிறகு சென்னையில் வேலை கிடைத்துப் போனவள் தானாகவே டாக்டரைப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள். அதுவும் என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் சென்னை போன பிறகுதான் அந்தத் தாளைப் பக்கத்து வீட்டு நர்ஸிடம் காட்டினேன். "இது வியாதின்னு முடிவு சொல்றதில்ல ஆன்ட்டி. டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்னு கீழேயே போட்டிருக்கு" என்றாள். நானோ அதற்குள் சபை முழுக்க முடிவு சொல்லிவிட்டிருந்தேன்.

இப்போது போனில் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி.

அதற்கு முன்னால் எத்தனை மாதம், பின்னால் எத்தனை வருஷம் அவள் தனியாகக் கஷ்டப்பட்டாள் என்பதெல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது பக்குவமாகக் கேட்டு, இதைத் திருத்திக்கொடுங்கள்.