அக்கா எழுதிய ஒற்றைக் கோட்டுப் பெயர்

ஓர் ஊழியரின் பணிப்பதிவேட்டில் பாதகமான குறிப்பு எழுதுவதற்கு முன் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும். அவர் மேல்முறையீடு செய்தால் முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அக்கா பணியாற்றிய தொழிற்சாலையின் நிலையாணைகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பத்திகளாக அச்சாகியுள்ளன. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பணியாளர் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். அச்சான விதியை நம்பும் வியாதி எனக்கு உண்டு. முதலாம் ஆண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவின் நற்குணங்களை அறிவீர்கள். அவருக்கு நடந்ததை அறியமாட்டீர்கள். ஆகவே அதை எழுதுகிறேன்.

அக்கா 1928இல் சாயர்புரத்தில் பிறந்தார். அப்பாவுக்குப் புனேயில், கட்கி ராணுவக் குடியிருப்புப் பகுதிப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தபோது அவருக்கு ஐந்து வயது. அம்மா இளம் வயதிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எங்களை வளர்க்கும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. திருமணப் பேச்சு மூன்று முறை வந்தது. மூன்றையும் அவரே வேண்டாமென்று முடித்தார். பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தார். நாற்பத்திரண்டாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினார். சபையில் சிலர் சிரித்தார்கள். 1974இல் பிம்பிரிப் பக்கம் ஜப்பானிய இயந்திரங்களை இறக்கிய ஒரு தொழிற்சாலை அவரை மொழிபெயர்ப்பாளராக எடுத்துக்கொண்டபோது சிரிப்பு நின்றது.

அந்த மொழியில் அவரை மயக்கியவை ஆட்களின் பெயர்கள். சாப்பாட்டு மேசையில் எங்களுக்கும் பாடம் நடக்கும்.

"நம்ம சபையில ஆறு ஞானராஜ் இருக்கான். ஆறு பேருக்கும் ஒரே எழுத்து. அங்க கசுவோன்னு ஆறு பேரு இருந்தா ஆறு விதமா எழுதுவான். ஒருத்தன் சமாதானம்னு எழுதுவான், இன்னொருத்தன் மூத்த பையன்னு எழுதுவான். பேரக் காதால கேட்டா பாதிதான்ல தெரியும். எழுதிக் காட்டுங்கன்னு கேக்கணும்."

தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியாளரின் பெயர் ஹாஜிமே. 'ஆரம்பம்' என்று பொருள். அதைப் பல எழுத்துகளில் எழுதலாமாம். வீட்டுக்கு முதல் பிள்ளை என்பதால் அவருடைய பெற்றோர் 'ஒன்று' என்னும் எழுத்தைத் தேர்ந்திருந்தார்கள். அந்த எழுத்து ஒரே ஒரு கிடைக்கோடு. இக்கட்டுரையின் கைப்படியில் அதை எழுதியிருந்தேன். பாளையங்கோட்டை அச்சகத்தார், "இவ்விடத்தில் ஒரு சொல் விடுபட்டுள்ளது" என்று அஞ்சலட்டை போட்டார். எனவே அதை அச்சிடவில்லை.

தொழிலாளர்கள் ஹாஜிமேயை ஹாஜி ஆக்கிவிட்டார்கள். ஒரு ஃபிட்டர், "ஹாஜி சாப், எந்த வருஷம் மக்கா போனீங்க?" என்று இந்தியில் கேட்க, அக்கா அதை மொழிபெயர்க்க, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். "என் அம்மா இன்னும் செல்லமாக ஹா-சான் என்றுதான் கூப்பிடுகிறார். ஹாஜி எனக்குப் பதவி உயர்வு" என்றாராம். எல்லாரும் அக்கா என்று அழைப்பதைக் கேட்டு அவரும், தம் மொழியின் மரியாதை விகுதியைச் சேர்த்து, 'அக்கா-சான்' என்றே அழைத்தார்.

1977இல் பொறியாளரின் தங்கும் அனுமதியை நீட்டிக்க வேண்டியிருந்தது. படிவத்தில் 'சொந்தப் பெயர், தாய்மொழி எழுத்தில்' என்று ஒரு கட்டம். அக்கா மையால் அந்த எழுத்தைத் திருத்தமாக எழுதி, நிர்வாக அதிகாரியின் மேசைக்கு அனுப்பினார். நம் அலுவலகங்களில் கட்டத்தில் கோடு இருந்தால் 'இல்லை' என்று பொருள். அதிகாரி அப்படியே எடுத்துக்கொண்டு, குறையுள்ள படிவங்களின் கோப்பில் அதைப் போட்டுவைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. கெடு முடிந்தது. பொறியாளர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. இயந்திரம் மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதன் பிறகுதான் அக்காவை அழைத்தார்கள்.

"மேடம், பேர் எழுதற இடத்தை ஏன் காலியா விட்டீங்க?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"காலி இல்லை சாப். அதுதான் பேர்."

"இதா? யே தோ டேஷ் ஹை!" இது வெறும் கோடாயிற்றே என்றார்.

"ஆப்கா டேஷ், உன்கா நாம்" என்றார் அக்கா. உங்களுக்கு டேஷ், அவருக்குப் பெயர்.

அறையில் இருந்த தட்டச்சர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு அக்கா தண்டனை பெற்றார். 'பெயரை நிரப்பாமல் விட்ட கவனக்குறைவு. மொழித் தகுதி ஐயத்துக்குரியது' என்று பணிப்பதிவேட்டில் ஏறியது. விளக்கம் கேட்கப்படவில்லை. ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போகும் குழுவுடன் மொழிபெயர்ப்பாளராகச் செல்ல அவர் பெயர் முடிவாகியிருந்தது, அது அடிக்கப்பட்டது. அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அக்கா ஜப்பானைப் பார்க்கவேயில்லை. அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லமாட்டார். மொழி தெரியாதவள் என்று எழுதிய அந்த வரி போக வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

மறு ஆண்டு அந்தப் பொறியாளர் விவரம் அறிந்து கடிதம் எழுதினார். தம் பெயர் அதுவே என்றும், அக்கா எழுதியது முற்றிலும் சரி என்றும் கையெழுத்திட்டு, பெயர் முத்திரையும் குத்தி அனுப்பியிருந்தார். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தடுத்தவன் நான்.

"வெளியாள் சிபாரிசுன்னு உன் மேல இன்னொரு குறிப்பு எழுதுவான், அக்கா. முறைப்படி போவோம்."

"முறைப்படி போனவன்தானல என் எழுத்த டேஷுன்னான்?" என்றார். ஆனாலும் என் பேச்சைக் கேட்டார். ஆண்டுதோறும் மேல்முறையீட்டை நான் எழுதினேன், அக்கா கையெழுத்திட்டார். மேல்முறையீடு மேலதிகாரி வழியாகவே பம்பாய் தலைமை அலுவலகம் போக வேண்டும் என்பது முறை. மேலதிகாரி என்பவர் அதே நிர்வாக அதிகாரி. 1986இல் அந்த வரியோடுதான் அக்கா ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டு புற்றுநோய் என்றார்கள். படுக்கையில் கிடந்தபடி ஒரு நாள், "ஏல தம்பி, அந்த ஜப்பான்காரர் லெட்டர எடு. நேரா பம்பாய் ஆபீசுக்கு அனுப்பு" என்றார்.

"அது முறையில்ல, அக்கா."

"இனி என்னைய எங்கல மாத்துவான்?"

1988 பிப்ரவரி 15 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிப்ரவரி 27 அதிகாலை அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

கடைசி மாதங்களில் முறை வைத்து அருகில் இருந்த விஷ்ராந்த்வாடி அண்டை வீட்டாருக்கும், கூலி வாங்க மறுத்த செவிலியருக்கும், அடக்க ஆராதனையில் பாடிய சபையாருக்கும், பழைய தட்டச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தட்டச்சர் மட்டுமே தொழிற்சாலையிலிருந்து அடக்கத்துக்கு வந்திருந்தார். நிர்வாக அதிகாரிக்கு மலரின் ஒரு பிரதி முறைப்படி அனுப்பப்படுகிறது.

பம்பாய் தலைமை அலுவலகம் அக்காவின் பெயருக்கு எழுதிய பதில் அரைப்பக்கம். பொறியாளரின் கடிதத்தை ஏற்று, அந்தக் குறிப்பு பணிப்பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இது பற்றி இதற்கு முன் எந்த மேல்முறையீடும் இவ்வலுவலகத்துக்கு வந்ததாகப் பதிவில்லை. கடிதத்தை முன்னரே அனுப்பியிருந்தால் உடனே முடிவெடுத்திருக்கலாம். அந்தப் பதிலைக் கையெழுத்திட்டு வாங்கியவன் நான். வந்த நாள், 1988 மார்ச் 14, திங்கட்கிழமை.