அஸ்கர் கீறிய பெயர்

வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தானே எழுப்பிய வீடு, மேற்கு யூட்லாந்தின் மழைக்கும் அசையாத பூச்சு, பக்கத்து ஊர்க்காரர்கள் தேடி வரும் கைராசி. படிப்பே ஏறாதவன் என்று பள்ளி கைகழுவிய அஸ்கர் வென்றவை இவை. தம்பியைப் பற்றி கிரேத்தா இப்போதும் இந்த வரிசையில்தான் சொல்வாள்.

டோர்கில் நடத்திய பயிற்சிப் பட்டறையில்தான் அவன் தொழில் கற்றான். சுவர் முடிந்ததும், உள்ளே இருப்பது வைக்கோல்தான் என்று காட்ட ஒரு சின்னச் சதுரத்தைப் பூசாமல் விடுவார்கள். அதன் கீழே ஈரக் களிமண்ணில் கட்டியவர்கள் தங்கள் பெயரைக் கீறுவது வழக்கம். அஸ்கருக்கு எழுதத் தெரியாது. கூசிக்கொண்டே டோர்கிலிடம் சொன்னான்.

"இதுக்குப் போயா வெக்கப்படறே? இந்தா, இதைப் பாத்து அப்படியே கீறு." டோர்கில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

நாக்கைக் கடித்தபடி கீறி முடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அவனை அழைத்துப்போக கிரேத்தா வந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, என் பேரைப் பாரு!"

'கழுதை' என்றிருந்தது.

"அடடா, அக்காவுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார் டோர்கில். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னக்கா போட்டிருக்கு?"

அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை மேசையில் மாவைப் பரப்பி எழுதிப் பழகினான். உட்சுவரின் களிமண் பூச்சு நனைந்தால் மறுபடி இளகிவிடும். வசந்தத்தில் ஈர ஸ்பாஞ்சோடு பட்டறைக்குப் போய் அந்தச் சொல்லைத் தேய்த்து அழித்தான்.

"சுவத்தைக் கெடுக்காதேடா, கழுதை!" என்று டோர்கில் கத்தினார்.

அஸ்கர் திரும்பவில்லை. அதே இடத்தில் ஆணியால் தன் பெயரைக் கீறினான். அன்று 1997 ஏப்ரல் 19.