எட்டாவது கோட்டில் ஓர் ஊசிக்குத்து

என் மேசை லாச்சியில் ஒரு மரச்சட்டம் கிடக்கிறது. அதன் பள்ளத்தில் பென்சில் தடிப்பில் ஒரு தேக்குக் குச்சி ஒட்டப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் நூற்றுக்கு மேல் கோடுகள் தெரியும்; ஒவ்வொன்றும் மரம் போட்ட ஒரு வருட வளையம். பத்துக் கோட்டுக்கு ஒரு ஊசிக்குத்து. ஓரிடத்தில் மட்டும் எட்டாவது கோட்டிலேயே குத்து விழுந்திருக்கிறது. அது என் கைவேலை. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டவர் எங்கள் சேர்.

சேர் புவியியல் விரிவுரையாளர். நான் அவருடைய ஆய்வுகூட உதவியாளர். மரத்தைச் சாய்க்காமல் பட்டையிலிருந்து நடுவரை துளைத்துக் குச்சி எடுக்கும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. தேக்குகள் நின்ற பனிச்சங்கேணிப் பக்கம் அவரை 'மரத்துக்கு ஊசி போடுற சேர்' என்றுதான் சொல்வார்கள். எடுத்த குச்சிகளை நான் ஏறாவூர்க் கூல்பாரில் வாங்கிய குடிக்கிற குழாய்களில் போட்டு வைப்பேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒவ்வொரு குழாயாகத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். சேர் பொறுமையாக நிற்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளைக்காரன் காலத்தில் சுமாத்ராவுக்கு அந்தப் பக்கம் ஒரு எரிமலை வெடித்தது. அதன் தூசியும் புகையும் வானத்தில் பரவி வெயிலை மறைத்து, இரண்டொரு வருடம் உலகமே சற்றுக் குளிர்ந்ததாம். குளிர்நாட்டு மரங்கள் அப்படியான வருடங்களில் மெல்லிய வளையம் போட்டிருக்கின்றன. நம் ஊர்த் தேக்கும் அதை உணர்ந்ததா என்பதுதான் சேரின் கேள்வி. நான்கு வருடம் அதற்காக அலைந்தார்.

அதே சுமாத்ராப் பக்கமிருந்துதான் சுனாமியும் வந்தது. கல்லடியில் சேரின் வீடு கடலுக்குக் கிட்ட. குடும்பம் பக்கத்து மாடியில் ஏறித் தப்பியது. வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த குச்சிகள் எல்லாம் கடலோடு போயின. இரண்டு மாதம் அவர் அகதி முகாம்களில் சோற்றுப் பார்சல் சுமந்தார். குச்சிகளைப் பற்றி நான்தான் கேட்டேன். "இவ்வளவு சனம் போய்க்கிடக்கு. குச்சியப் பத்திக் கதைக்க வெக்கமா இரிக்கி தங்கச்சி" என்றார். கோடு தெரிய வீட்டில் வைத்துத் தேய்ப்பதற்காக நான் கொண்டுபோன ஒரு குச்சி என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தபோது மனிதர் அழுதுவிட்டார்.

போர் மறுபடி மூண்டு பனிச்சங்கேணி வீதி அடைபட்டது. இருந்தது அந்த ஒரு குச்சிதான். பட்டைப் பக்கமிருந்து எண்ணினேன். மெல்லிய வளையம் ஒன்று இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய வருடத்துக்கு இரண்டு வருடம் பிந்தி. அவர் முகத்தை நினைத்தேன். எட்டுக் கோட்டைப் பத்தென்று குத்திவிட்டேன். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கோபிப்பார் என்று நின்றேன். "நீ குத்தினது சரியாயும் இரிக்கலாம். கூடாத வருசத்தில மரம் வளையம் போடாமலும் விடும். ஆனா அத இன்னொரு மரந்தான் சொல்ல வேணும். ஒரு மரத்தக் கேட்டு வருசம் எழுதப்படாது" என்றார். வட்டம் போட்டு, அருகில் 'தெரியாது' என்று எழுதினார். என் இரக்கத்தை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

போர் முடிந்து வீதி திறந்ததும் போனோம். தேக்குகள் நின்ற இடத்தில் கரிந்த அடிக்கட்டைகள்தான் இருந்தன. சேர் அந்தக் கட்டுரையை எழுதவே இல்லை.

போரின் கடைசி வருடத்தில் வன்னிக்கு லொறி கொண்டுபோன என் தம்பி திரும்பவில்லை. முகாமிலிருந்து வந்த ஒருவர், அவன் வீதியோரம் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். எந்த மாதம் என்பது அவருக்கு நிச்சயமில்லை, முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. மரணப் பத்திரம் கொடுக்கும் கந்தோரில், "ஒரு திகதியப் போடுங்க அக்கா, அலுவல் முடிஞ்சிரும்" என்றார்கள். அம்மாவும் கெஞ்சினா. "ஒரு நாளச் சொல்லு மகள். அவனுக்கு ஒரு பிடி சோறெண்டாலும் வைப்பம்."

பேனையைக் கையில் எடுத்தும் விட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எந்தத் திகதியையும் எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கைக்கு அந்த ஊசிக்குத்து ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

சேரிடம் சொன்னேன். "அப்ப இன்னொரு ஆளத் தேடுவம்" என்றார். அதன்பின் சனிக்கிழமைகளில் என்னோடு முகாம் முகாமாக வந்து, அந்த வீதியால் வந்த லொறிக்காரர்களை விசாரித்தார். மரங்களைத் தேடிய அதே பொறுமையோடு என் தம்பியைத் தேடினார். கண்டவர் என்று இரண்டாவது ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.

இப்போது அவர் பென்சன் எடுத்துக் கண்டியில் மகளோடு இருக்கிறார். போகும்போது இந்தச் சட்டத்தை என்னிடம் தந்தார். அம்மா தம்பியின் பிறந்த நாளில் சமைக்கிறா. அந்தத் திகதி எங்களுக்குத் தெரியும். லாச்சியில் சட்டத்துக்குக் கீழே அந்தப் படிவமும் இருக்கிறது. மாதம் ஒருமுறை சேர் தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்பதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ஆரும் வந்தாங்களா தங்கச்சி?"

"இன்னும் இல்ல சேர்" என்பேன்.