கட்டிலடி மூட்டை

புகையில் வாட்டிய ரப்பர் ஷீட்டின் வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் எளிதில் போகாது. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழியின் மூட்டைக்கு அந்த வாடைதான். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். அதற்கு முன் இலங்கையில் தேயிலைத் தோட்டம். துணி, சீப்பு, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் சுற்றி, கயிற்றால் கட்டி, கட்டிலடியில் வைத்திருப்பாள். வேண்டியதை எடுத்த கையோடு மறுபடி முடிச்சுப் போட்டுவிடுவாள். கட்டிலையும் கதவோரமாக இழுத்துப் போட்டிருந்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு எத்தனை மணிக்கு ஜஹாஜ்?" என்று கப்பலைக் கேட்டுக் கேலி செய்வேன். "டிக்கெட் வாங்கிட்டேன், நீயும் வர்றியா?" என்று சிரிப்பாள்.

ரங்கத் பக்கம் ரோடு வேலை செய்த என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவள் நான். அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு இருந்ததில் அத்தனை பெருமை. அவள் தட்டு காலியாகக் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு அவள் துணி துவைக்கப் போயிருந்தபோது, மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் அழகாக அடுக்கிவைத்தேன்.

திரும்பி வந்தவள் வாசலைத் தாண்டவில்லை. ஈரத்துணி கையிலிருந்து நழுவியது.

"இலங்கையில, தோட்டத்து லயத்துல எங்க வீட்டுலயும் எல்லாம் அடுக்கித்தான் இருந்துச்சு. கலவரத்துல தீ வச்சப்ப அம்மாவால என்னைய மட்டுந்தான் தூக்கிட்டு ஓட முடிஞ்சுச்சு. இனிமே எனக்கு இங்க தூக்கம் வராது. நான் கட்சாலுக்கே போறேன்."

அடுத்த கப்பலுக்கு நான்கு நாள். அவள் வகுப்புக்கு வரவில்லை. பூட்டும் சாவியும் உள்ள அந்த அறையைவிடப் பத்திரமான இடம் கிடையாதென்று நம்பியிருந்தேன். அவளுக்கோ பத்திரம் அந்தக் கயிற்று முடிச்சில் இருந்தது. அதை நான் அவிழ்த்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டும் அவள் முகம் என் பக்கம் திரும்பவில்லை. கப்பலுக்கு முந்தைய நாள் என் துணிகளையும் மூட்டை கட்டி, அவள் கட்டிலடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னடி இது?"

"நீ ஓடுனா நானும் ஓடணும்ல."

முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "இதத் தூக்கிட்டு ஓடுனா கப்பல் ஜெட்டிக்குப் போறதுக்குள்ள பாதி சாமான் சிந்திரும்" என்று சொல்லி, அவிழ்த்துத் தானே கட்டிக் கொடுத்தாள். கப்பல் அவள் இல்லாமல் போனது.

கடைசி வருடம் ஒரு காலையில் அவளுடைய சீப்பு அலமாரித் தட்டில் இருந்தது. நான் பார்க்காததுபோல் தலை வாரிக்கொண்டேன்.

இப்போது மின்னி பே பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் கட்சாலிலிருந்து அவள் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் அதே வாடை. 'அலமாரி வாங்கியாச்சு' என்று எழுதியிருந்தாள். மூட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.