தண்ணீர்க்கார ஏகநாதனின் வெந்நீர் வைத்தியம்

சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வந்தால் அது கர்த்தர் கிருபை. வராவிட்டால் அது ஏகநாதன் குற்றம். மேலே சோலை ஊற்றிலிருந்து லயம் வரைக்கும் பிளாஸ்டிக் ஓஸ் குழாய் போட்டுப் பராமரிப்பது அவன் வேலை. குளிரில் ஓஸ் விறைத்துக்கொள்ளும். முனையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இளகியதும் பல்லால் கடித்து இழுத்து இணைப்பில் செருகுவான். காற்று அடைத்துக்கொண்டால் வாயை வைத்து உறிஞ்சுவான். புது ஓஸ் வாசனை என்றால் அவனுக்கு உயிர். மதியத்துக்குச் சுடச்சுடக் குழம்பு பிளாஸ்டிக் கவரில், டீயும் கவரில். கவருக்கு மாவட்டம் முழுக்கத் தடைதான். அந்தத் தடை எங்கள் ஏற்றம் ஏறி வந்து சேரவில்லை.

நான் ஜூடித். பக்கத்து வீடு, கொழுந்து பறிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

ஏகநாதனுக்கும் ராஜிக்கும் கல்யாணமாகி வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. இல்லையென்றால் பழி யாருக்கு என்று யாரும் யோசிக்கவில்லை. போன மாசி மாதம் ஒரு வளைகாப்பில் ராஜி வளையல் தட்டைத் தொடப் போனபோது அவள் மாமியார் தெய்வம்மா, "நீ அங்கிட்டு நில்லுத்தா" என்றாள். ராஜி தள்ளி நின்றாள். ஏகநாதனும் பக்கத்தில் நின்று கேசரி தின்றான்.

ஐப்பசியில் இரண்டு பேரும் கூடலூரில் மலையாளத்து டாக்டர் கெஸியாவைப் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் ராஜி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராஜியிடம் குறை எதுவும் இல்லை. அவனுடைய விந்தணுதான் குறைவு, இருந்ததும் சோர்ந்து கிடந்தது.

டாக்டரம்மா அவன் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு, "பிளாஸ்டிக் வளைஞ்சு கொடுக்க ஒரு கெமிக்கல் சேர்ப்பாங்க, கேட்டோ. அது அதுல ஒட்டிக்கிட்டு இருக்காது. சூடோ எண்ணெயோ பட்டா கழண்டு வரும்" என்றிருக்கிறார். "உடம்புக்குள்ள போனா செல்லுல ஆக்சிஜனால வர்ற கெடுதல் கூடிப்போகும். அதைத் தடுக்கச் செல்லுக்குள்ளயே காவல் உண்டு. விந்தணுவுலயும் மூளைச் செல்லுலயும் அந்தக் காவல் கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. அதனால சீக்கிரம் அடிபடும். கொழுந்தைக் கசக்கினா காத்துபட்டுச் செவக்குதில்லே, கிட்டத்தட்ட அது போல. எலியில நெறைய பார்த்திருக்காங்க, மனுஷன்ல இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு இதுதான் காரணம்னு ஞான் சொல்ல மாட்டேன். ஆனா ஓஸ்ல வாய் வைக்காதீங்க, கவரை விடுங்க. அந்த இடத்துக்குச் சூடும் ஆகவே ஆகாது."

திரும்பும் பஸ்ஸில் ஏகநாதன், "அம்மாகிட்ட சொல்லிராத. லயத்துல தலைகாட்ட முடியாது" என்றான். ராஜி சரியென்றாள். பிறகு அம்மாவிடம் அவனே சொல்லட்டும் என்று அவள் எப்போது பேச்செடுத்தாலும், "சொல்லணும்னுதான் நெனச்சேன், மறந்துட்டேன். மூளைக்கும் போகும்னு டாக்டரே சொன்னாங்கல்ல" என்பான். வந்த வியாதியில் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் சொன்னதில் அவன் மண்டையில் ஏறியது கொழுந்து மட்டும். பாக்டரியில் கிரீன் டீ போடும்போது பறித்த இலையை உடனே ஆவியில் காட்டுவார்கள். அப்புறம் அது சிவக்காது. இலைக்கு ஆகிறது மனுஷனுக்கு ஆகாதா? வீட்டுக்குப் பின்னால் பாதியாக அறுத்த ஒரு டிரம். வைத்தியத்துக்கும் பிளாஸ்டிக்தான் கிடைத்தது. விடியற்காலையில், ராஜி அடுப்படியில் இருக்கிற நேரம் பார்த்து, இடுப்பளவு வெந்நீரில் உட்கார்ந்து, ஆவி போகாமல் மேலே சாக்கைப் போர்த்திக்கொள்வான். கேட்டால் இடுப்பு வலி என்பான். நானும் பாவப்பட்டுத் தைலம் கொடுத்தேன்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எல்லோரும் சும்மா சொல்வார்கள். தெய்வம்மா பிக்கட்டியில் தூரத்துச் சொந்தத்தில் மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண்ணே பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. அன்று காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மகனைத் தேடிக் கொல்லைக்கு வந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா இப்படி அவிஞ்சுக்கிட்டு இருக்க? எந்திரி, பஸ்ஸு போயிரும்."

"வைத்தியம் பாதியில இருக்கும்மா."

"இடுப்பு வலியைப் பொறவு பாத்துக்கலாம்டா."

துண்டோடு வந்த ராஜி டிரம்மைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். இது இடுப்பு வலிக்கு இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, சூடு ஆகவே ஆகாதுன்னு டாக்டரம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே! இருக்கிறதையும் வேக வச்சிட்டீங்களா?"

"எந்த டாக்டரு? எது இருக்கிறது?" என்றாள் தெய்வம்மா.

ராஜி புருஷனைப் பார்த்தாள். பொய் சொல்வான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "கோளாறு எனக்கும்மா. அவளுக்கு ஒண்ணுமில்ல. ஐப்பசியிலயே தெரியும். நான்தான் சொல்லக் கூடாதுன்னு அவ வாயை அடைச்சேன்" என்றான்.

"அடப்பாவி மனுஷா!" என்று நான் கையிலிருந்த துணியை அறைந்தேன்.

தெய்வம்மா பட்டுச்சேலையோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ராஜியிடம், "நீயாச்சும் சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

"எனக்குக் கோளாறுன்னு நெனச்சு அவருக்கு வேற பொண்ணு பாத்தீங்க அத்தை" என்றாள் ராஜி. குரல் ஏறவில்லை. "அவருக்குத்தான்னு சொல்லியிருந்தா எனக்கு வேற மாப்பிள்ளை பாத்திருப்பீங்களா?"

தெய்வம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மகனிடம், "இன்னும் என்னடா உக்காந்திருக்க? எந்திரிச்சு வந்து அவ கால்ல விழு" என்றாள்.

தண்ணீருக்குள் ஒட்டுத் துணியில்லாத அவன் எழுந்திருக்க முடியாமல் ராஜியைப் பார்த்தான். துண்டு அவள் தோளில் கிடந்தது. அவள் அவசரப்படவில்லை.