ஈரச் சாக்கு

2024 அக்டோபர் 14, காலை ஆறு மணி. எழில்மொழி முதன்முதலாகத் திருவொற்றியூர்க் கடற்கரையில் கால்வைத்தபோது, மங்கம்மா ஒரு வியாபாரியின் முகத்துக்கு நேரே மீன்கூடையை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார். மூடிவிட்டால் பேரம் முறிந்தது என்று பொருள். கேட்டவரே குனிந்து சாக்கைத் தூக்கி, விலையையும் தூக்கினாலன்றி அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏலம் கூறுவது அவர் தொழில். வெற்றிலை சிவந்த வாய். நனையாதிருக்கப் பால் உறைக்குள் போட்டு இடுப்பில் செருகிய கைப்பேசி. விலை கூறும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். "வாயி பொய் சொல்லும் கண்ணு. ஆச வந்துச்சுன்னா கட்டவெரலு தானா மண்ண நோண்டும்."

பருவநிலை மாநாட்டுக்காகக் கரையோர மக்களின் இழப்புகளைத் தொகுக்கும் அமைப்பொன்றில் எழில்மொழி மொழிபெயர்ப்பாளர். அன்று சங்கரா மீன் வாங்கினாள். கைப்பேசியில் பணம் போகவில்லை. "அப்பால பாத்துக்கலாம், எத்துனு போ" என்றார் மங்கம்மா.

அந்த மழைக்காலத்தில் கடல் ஏறிவந்து குப்பத்தின் வலைக்கூடத்தை விழுங்கியது. ஓராண்டாகப் பெண்கள் வெயிலில் அமர்ந்து வலை பின்னினார்கள். அடுத்த மாநாட்டுக்கு முன் ஐரோப்பிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கூடத்தை மீண்டும் கட்டத் தம் நாடு குறைந்த வட்டியில் கடன் தரும் என்றார். எழில்மொழி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"இன்னாது, கடனா? ஊரெல்லாம் பொக வுட்டு சம்பாரிச்சது அவுங்கோ. கடல் ஏறி கூடம் பூட்டது எங்களுக்கு. வட்டியும் நாங்களே கட்டணுமா?"

சொல்லிவிட்டு மங்கம்மா முன்னாலிருந்த கூடையைச் சாக்கால் மூடினார். சுற்றி நின்ற வியாபாரிகள் வெடித்துச் சிரித்தார்கள். அதிகாரி விழித்தார். எழில்மொழி வழக்கத்தை விளக்கினாள்.

"தூக்கு தொர, நாங்கல்லாம் டெய்லி தூக்கிக்கினுதான் கீறோம்" என்றார் வியாபாரி தேசப்பன்.

அதிகாரி குனிந்து, இரு விரலால் சாக்கின் ஓரத்தைத் தூக்கினார். கடனாக அன்றி மானியமாகத் தரவே பரிந்துரைப்பேன், முடிவு மேலிடத்தினுடையது என்றார்.

"பூட்சு போட்டுகினு வந்துகிறான், வெரலு தெரியல" என்று எழில்மொழியிடம் கிசுகிசுத்தார் மங்கம்மா. "ஆனா மூக்கு செவந்துச்சு பாத்தியா? குடுத்துடுவான்."

மானியம் வந்தது. புதிய கூடத்துக்குக் கூரை ஏறிய நாளில் வலைகளுக்கு நடுவே மேளம் அடித்தார்கள். தேசப்பன் ஆடிய ஆட்டத்தில் அவர் செருப்பு கடலுக்குப் போயிற்று. அந்த ஆரவாரத்துக்கிடையே, பழைய சங்கரா மீனுக்கான பணத்தை எழில்மொழி நீட்டினாள்.

மங்கம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பணத்தை அவள் கையிலேயே மடக்கிவிட்டு, ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடினார்.