பூஜையில் வைத்த ஸ்பேனர்

ஆயுத பூஜை வந்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும்.

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தக் கார்தான், ஆனால் அரதப் பழசு. அவருடைய வலது கையை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தோம்.

ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று காலை, எஞ்சினுக்குள் பொறி விழ வைக்கிற பாயிண்டைப் புதிதாக மாற்றினார். அதை மாற்றினால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறிவிடும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி விழ வேண்டும். அதை அட்வான்ஸ் என்பார்கள். அது ஜாஸ்தியாகிவிட்டால், முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஆளையே எஞ்சின் திருப்பி அடிக்கும். ஒயரில் ஒரு சின்ன பல்பை மாட்டி, எஞ்சினை மெல்லச் சுற்றி, பல்பு எந்த இடத்தில் எரிகிறது என்று பார்த்துத்தான் அவர் சரிசெய்வார். அன்று கண்ணளவில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனார்.

அதற்குள் மாமியார் ஸ்பேனர், பல்பு எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்.

"அம்மா, அந்த பல்பையும் ஒரு ஸ்பேனரையும் மட்டும் குடு. டைமிங் பாக்கல."

"பூஜையில வச்சத நாளைக்குக் காலையிலதான்டா தொடணும்."

எனக்கு எப்போதுமே வாய் நீளம். "அப்ப வண்டியையும் நாளைக்கே எடுக்கட்டும் அத்தை," என்றேன்.

"எலுமிச்சம்பழத்து மேல ஏத்தாம நிறுத்தினா வண்டிக்கு ஆகாது. நீ சும்மா இரு."

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது, வுடு," என்றார்.

பூஜை முடிந்ததும் முதல் ஸ்டார்ட்டை ஹேண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கற்பூரம் காட்டினார்கள். இரண்டாவது சுற்றில் ஹேண்டில் பின்பக்கமாகத் திரும்பி அடித்தது. அவருடைய வலது மணிக்கட்டு ஒடிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பிறகு எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. அவர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

பூஜைக்கு மறுநாள் காலையில் டயருக்கடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடந்தன. மாமியார், அழுது வீங்கிய முகத்தோடு, ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகனிடம் நீட்டினார்.

"இப்ப எடுத்துக்கடா."

அவர் வாங்குவதற்கு வலது கையைத்தான் தூக்கப் பார்த்தார்.